கூடையைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம்

போன வாரம் பேத்தியோடு ஓர் இயற்கை அங்காடிக்குப் போயிருந்தேன். மரச்செக்கு எண்ணெயும் மாப்பிள்ளைச் சம்பா அவலும் விற்கிற கடை. வாசலில் குறுக்கே கட்டிய கம்பியில் வயர் கூடைகள் வரிசையாகத் தொங்கின. வெயில் ஏறிய புது வயருக்கென்று ஒரு வாடை உண்டு. மழைக்கோட்டும் கற்பூரமும் கலந்த மாதிரி இருக்கும். அது மூக்கில் பட்டதும் கை தானாகப் போய் ஒரு கூடையை எடுத்தது. எடுத்ததும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தேன்.

"ஹேண்ட்மேட் மேடம், எண்ணூத்தம்பது" என்றாள் கடைப்பெண்.

"பாட்டி, வாங்கலைன்னா வச்சிருங்க. ஏன் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்ன மாதிரி பாக்குறீங்க?" என்றாள் பேத்தி.

கூடையின் மேல்பாகத்தை எப்படி வேண்டுமானாலும் அழகு பண்ணிவிடலாம். அடியில் போட்ட முதல் நாலைந்து வரிசைதான் காட்டிக் கொடுக்கும். ஆரம்பிக்கிறபோது அந்தக் கை எப்படி இருந்ததோ அது அப்படியே பதிந்து கிடக்கும். இந்தப் பார்வையை நான் கற்றுக்கொண்டது கூடைக் கடையில் அல்ல. மதுரையில், குடிநோயாளிகளுக்கான மறுவாழ்வு இல்லம் ஒன்றின் பெண்கள் பகுதியில்.

மதுக்கடைகளை எடுத்து நடத்துகிற வேலையை அரசாங்கமே 2003இல் ஏற்றுக்கொண்டதே, அதற்குச் சில வருஷங்கள் கழித்து நடந்தது இது. நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். கூட வேலை பார்த்த டீச்சரின் தங்கை அந்த இல்லத்தில் ஆலோசகர். "வாரத்துல ரெண்டு நாள் வந்து ஏதாவது கைவேலை சொல்லிக் குடுங்கக்கா. சாயங்காலம் நாலரையிலேர்ந்து ஆறரை வரைக்கும்" என்றார்.

"பொம்பளைகளுக்குமா அங்க வைத்தியம்?" என்று கேட்டேன். கேட்டதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த குடி என்பது ஆண்கள் தெருவில் விழுந்து கிடப்பது. பெண்கள் அதற்கு அழுபவர்கள். ஆலோசகர் கோபப்படவில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய கதையைச் சொன்னார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பெண், அடுத்தவர் வீட்டுக் கணவர்களுக்காக ஆஸ்பத்திரி கட்டினார். "நம்ம ஊர்ல இந்த வைத்தியத்துக்கு வழி திறந்ததே ஒரு பொம்பளைதான். ஆனா பொம்பளை நோயாளியா உள்ள வர்றதுக்கு இன்னும் பின்வாசல்தான்க்கா" என்றார்.

ஏன் சாயங்காலம் என்பது போன பிறகுதான் புரிந்தது. விளக்கு வைக்கிற நேரம் நெருங்க நெருங்க அந்த வராந்தாவில் நடமாட்டம் கூடும். ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிப்பாள், உட்காருவாள், மறுபடி எழுவாள். உடம்புக்கு அந்த நேரம் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தைக் கையில் எதையாவது கொடுத்துக் கடத்திவிட வேண்டும் என்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் நாள் நான் செய்தது மகா முட்டாள்தனம். பள்ளிக்கூட வழக்கப்படி எம்ப்ராய்டரியில் ஆரம்பித்தேன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, புதுமண்டபத்துக் கடைகளில் பார்த்துப் பார்த்து வாங்கிய நூல்கண்டுகள், வட்டச் சட்டம், ஊசி. அந்தக் கடைகள் எல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிய சத்தம் போய், மண்டபம் மண்டபமாக நிற்கிறது. அது இருக்கட்டும். எட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கொரு ஊசி கொடுத்து நூல் கோக்கச் சொன்னேன். அந்த அறையில் சொல்லியிருக்கவே கூடாத சொல் அது. குடியை நிறுத்திய முதல் நாலைந்து நாள் நடுக்கத்தை அவர்கள் கட்டிலிலேயே கழித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்கள். ஆனாலும் விரல் நுனியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நூலை எச்சில் தொட்டு நீவுகிறார்கள், ஊசியின் காது ஒரு பக்கம் போகிறது, நூல் ஒரு பக்கம் போகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. ஒருத்தி ஊசியை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை போகும்போது மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் வயர் கட்டு வாங்கிப் போனேன். வயர் பெருந்தன்மையான சாமான். தடிமனாக இருக்கும், வழுக்காது, கை நடுங்கினால் கோபித்துக்கொள்ளாது. ஒரு வயரை வளையமாக மடித்துப் பிடித்து, இன்னொன்றை அதைச் சுற்றிக் கொண்டுவந்து முனையை வளையத்துக்குள் நுழைத்து நாலு பக்கமும் இழுத்தால், சதுரமாக ஒரு முடிச்சு 'டக்'கென்று உட்காரும். அந்த 'டக்' முக்கியம். சரியாக வந்தது என்று டீச்சர் வந்து சொல்லத் தேவையில்லை, விரலுக்கே தெரிந்துவிடும்.

"இதை யாரு டீச்சர் இப்ப வாங்குறா? கடையில கேரி பேக் சும்மாவே குடுக்குறான்" என்று சிரித்தார்கள். உண்மைதான். கூடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பட்டிக்காடு என்று நினைத்த காலம் அது. 2019இல் கேரி பேக்குக்குத் தடை வந்து, அதன்பின் அரசாங்கமே மஞ்சப்பையைத் தூக்கிப் பிடித்து, வயர் கூடைக்கு எண்ணூற்றைம்பது ரூபாய் விலை வைப்பார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அவரைத்தான் அந்த இல்லத்தில் சேர்த்திருப்போம்.

வகுப்பு முடிந்ததும் நர்ஸ் வந்து கத்தரிக்கோல்களை எண்ணி வாங்கிப் பூட்டுவார். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். எண்ணுகிற வரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. எனக்கு முகம் சுருங்கிப் போனது. அவர்கள் பழகியிருந்தார்கள். மேஜை நடுவில் கமர்கட் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். குடியை விட்ட நாக்கு இனிப்பு கேட்கும். வளர்ந்த பெண்கள் கன்னம் உப்பக் கமர்கட்டை அதக்கிக்கொண்டு முடிச்சுப் போடுவதைப் பார்த்தால் ஆறாம் வகுப்பு மாதிரியே இருக்கும்.

யார் பெயரும் வெளியே போகக் கூடாது என்பது அங்கே சட்டம். உள்ளேயும் நாங்கள் ஊரையும் வேலையையும் வைத்துத்தான் கூப்பிட்டுக்கொண்டோம். பூக்காரம்மா, சித்தாள் அக்கா, பேங்க் மேடம், மேலூர்க்காரம்மா. மேலூர்க்காரம்மாவுக்குப் பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று மாமியாரே மூடியில் ஊற்றிக் கொடுத்த பிராந்தியில் ஆரம்பித்தது. சித்தாள் அக்காவுக்கு நாள் முழுக்கக் கல் சுமந்த உடம்பு வலிக்கு. பேங்க் மேடத்துக்குக் குடியே இல்லை, தூக்க மாத்திரை. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, கைப்பை நிறைய வெவ்வேறு மருந்துக்கடைச் சீட்டுகள்.

டாக்டர் ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே வந்து, பெரிய சொம்பு நிறையத் தண்ணீரும் சின்ன டம்ளர் நிறையத் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார். இரண்டிலும் ஒரே அளவு உப்பைப் போட்டுக் கலக்கி நக்கிப் பார்க்கச் சொன்னார். "ஆம்பளை உடம்பு சொம்பு, உங்க உடம்பு டம்ளர். உடம்புல தண்ணி கம்மி. அதே குவார்ட்டர்தான், உங்களுக்குக் கரிக்கும்." நான் முப்பது வருஷம் டீச்சர். இவ்வளவு சுருக்கமாக ஒரு பாடம் நடத்தியதில்லை.

ஆலோசகர் ஒருநாள் மார்ட்டி மான் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்களில் சேர்ந்து குடியை விட்ட முதல் பெண்களில் ஒருவர். நான் குடிநோயாளி என்று 1944வாக்கில் ஊரறிய மேடையேறிச் சொன்னவர். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பூக்காரம்மா, "அந்தம்மாவுக்கென்ன, மேடையில சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவாக. எங்க தெருவுல சொன்னா நான் கட்டுன பூவைச் சாமிக்கு வாங்குவாகளா?" என்றார். ஆலோசகரிடம் பதில் இல்லை.

அந்தப் பூக்காரம்மாவுக்குத்தான் நடுக்கம் ரொம்ப நாள் நிற்கவில்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி தரையில். வயர் முடிச்சும் வரவில்லை. ஒருநாள் வழியில் கால் கிலோ மல்லிகை மொட்டும் வாழைநாரும் வாங்கிப் போய் அவர் முன்னால் கொட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், நாரைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டார். கை நின்றுவிட்டது என்று எழுத மாட்டேன். நிற்கவில்லை, நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நடுங்குகிற அந்தக் கை இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்து, ஒரு சுற்று, ஒரு இழுப்பு என்று, கண் வேறெங்கோ இருக்க, முழம் முழமாகக் கட்டித் தள்ளியது. ஏழு வயதில் கற்ற வேலை, அது நடுக்கத்துக்கும் முந்தியது. அன்றைக்கு அந்தப் பகுதியில் இருந்த எல்லார் தலையிலும் பூ. நர்ஸ் தலையிலும்.

இந்தக் கைவேலை வைத்தியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டென்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1917இல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்து, வேலை கொடுத்து நோயாளிகளைத் தேற்றுவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சிலரில் ஒருவர் மனநல டாக்டர், ஒருவர் கட்டடக் கலைஞர். சூசன் காக்ஸ் ஜான்சன் என்ற ஒருவர் யாரென்று பார்த்தால், கைவேலை டீச்சர். படித்ததும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓவிய டீச்சரையும் தையல் டீச்சரையும் ஸ்டாஃப் ரூமில் எந்த மூலையில் உட்கார வைப்பார்கள் என்று அனுபவித்தவர்களுக்கு என் சந்தோஷம் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். ஆண்கள் பகுதிக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். மனைவிமார், அம்மாமார், டிபன் கேரியர், பிள்ளை குட்டி, வாழை இலையில் மடித்த ஆட்டுக்கறி. மூக்கைச் சிந்திக்கொண்டு பரிமாறுவார்கள். நடுவில் ஒரு வேப்ப மரம். அதற்கு இந்தப் பக்கம் பெண்கள் பகுதி. இங்கே பெஞ்சு காலி. கணவர்கள் சேர்க்கிற அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி. ஊரில் கேட்டால், அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வயிற்றில் கட்டி, ஆபரேஷன், இப்படி எதையாவது சொல்லியிருப்பார்கள். நான் போன அத்தனை ஞாயிறுகளில், சாப்பாடு கொண்டுவந்த ஒரே ஆண் ஒருத்தியின் அப்பா. காதில் வெள்ளிக் கடுக்கன் போட்ட கிழவர், மகள் சாப்பிட்டு முடிக்கும் வரை வேப்பம்பழத்தைக் காலால் உருட்டிக்கொண்டே நின்றிருப்பார்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், நம் நாட்டில் ஆண்களில் 27.3 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், பெண்களில் 1.6 சதவீதம் என்று இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலி பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் மாமியார் நிற்க, நோட்டோடு வந்து கேட்பவரிடம் ஆமாம் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

ஞாயிறு வகுப்பு வேண்டும் என்று பெண்களே கேட்டார்கள். அந்தப் பக்கம் கேரியர் திறக்கிற வாசனை வரும்போது இவர்கள் தலை நிமிராமல் பின்னுவதற்கு ஏதாவது வேண்டுமல்லவா?

தலை நிமிராமல் என்றேனே, விஷயம் அங்கேதான் இருந்தது. ஆலோசகரின் அறையில் நாற்காலிக்கு எதிர் நாற்காலி போட்டு, முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்வார்கள். சிலருக்கு அது வரவே வராது. பேங்க் மேடம் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவர் சிவன் கண் கூடை போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு முடிச்சு மாறிவிட்டால் கண் விழாது. இரண்டு வரிசை தள்ளி வந்த பிறகு கவனித்து, அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்த்துக்கொண்டே, வயரைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "எம்பொண்ணு ஆண்டு விழாவுல டான்ஸ் ஆடினா. நான் முதல் வரிசையிலதான் உக்காந்திருந்தேன். என்ன பாட்டுக்கு ஆடினான்னு எனக்குத் தெரியாது."

யாரும் நிமிரவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. முடிச்சு விழுகிற சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மேலூர்க்காரம்மா கமர்கட் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

ஒரு கல்லூரி வளாகத்தில் கைவினைக் கண்காட்சி, நமக்கும் ஒரு மேஜை தருகிறார்கள் என்றார்கள். எனக்குப் பள்ளிக்கூட நாள் திரும்பி வந்துவிட்டது. கண்காட்சி என்றால் எனக்குத் தூக்கம் வராது. எல்லாக் கூடையும் நன்றாக வந்திருந்தது, சித்தாள் அக்காவுடையதைத் தவிர. ஊதாவும் வெள்ளையும் கலந்த கூடை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவருக்கு இடது மணிக்கட்டு எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்தது. எப்படி உடைந்தது என்று நான் கேட்டதில்லை. அந்தக் கையின் இழுப்பு இளகலாக இருக்கும், கூடை அந்தப் பக்கம் சரியும். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு இரவு உட்கார்ந்து மேல்பாதியை அவிழ்த்து இறுக்கிப் போட்டேன். கோயில் கும்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மேஜையில் அடுக்கும்போது அவர் அதை எடுத்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது என் கூடை இல்ல டீச்சர்."

"கலரைப் பாருங்கக்கா, உங்களுதுதான்."

"கலரு என்னுது. முடிச்சு என்னுதில்ல. இம்புட்டு இறுக்கம் எங்கையில வராது." கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். கண்காட்சிக்கும் வரவில்லை, அடுத்த இரண்டு வகுப்புக்கும் வரவில்லை. கண்காட்சியில் அந்தக் கூடைதான் முதலில் விலைபோனது. ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பின்னுனவுகளுக்குக் குடுங்க" என்றார்.

நாற்பது பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய கை என்னுடையது. கோணல் என்றால் திருத்திவிட வேண்டும், அதுவும் ராத்திரியோடு ராத்திரியாக. வீட்டில் சொன்னபோது, நல்லதுக்குத்தானே செய்தாய் என்றார்கள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அடுத்த வகுப்பில் அதே ஊதாவிலும் வெள்ளையிலும் வயர் வெட்டி அவர் கட்டில் மேல் வைத்து, "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வயரை எடுத்து நீளம் சரியாக இருக்கிறதா என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். ஒன்று இரண்டு அங்குலம் கூட இருந்தது. "அளவெடுத்து வெட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

புதுக் கூடையும் சாய்ந்துதான் நின்றது. அவர் வீட்டுக்குப் போகிற அன்று துணிமணிகளை அதில்தான் வைத்துக்கொண்டு போனார்.

போனவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கூடை பின்னினால் குடி போய்விடும் என்றால் டாக்டர் எதற்கு, மருந்து எதற்கு? பூக்காரம்மா கோயில் வாசலில் பழையபடி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் போனால் காசு வாங்காமல் ஒரு முழம் அதிகமாகக் கிள்ளித் தருவார், இரண்டு பேரும் தெரிந்தவர்கள் மாதிரி காட்டிக்கொள்ள மாட்டோம். பேங்க் மேடம் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார் என்று கேள்வி. மேலூர்க்காரம்மாவைப் பற்றிக் கேட்டபோது ஆலோசகர் பேச்சை மாற்றினார். நான் மறுபடி கேட்கவில்லை.

கண்காட்சி முடிந்து எட்டு மாதம் இருக்கும். ஒரு மழை நாள். வகுப்பில் வயர் வெட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் புதிதாகச் சேர்க்க ஒருவரைக் கூட்டி வருகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் சித்தாள் அக்கா. பாதி இளைத்து, முகம் மட்டும் உப்பி, நடை தள்ளாடி. கையில் அந்த ஊதா வெள்ளைக் கூடை. உள்ளே இரண்டு சேலை, ஒரு சீப்பு, பற்பொடி. ஒரு பக்கக் கைப்பிடி அறுந்து, சேலைக் கிழிசலால் முடிந்திருந்தது. அடிப்பாகம் தேய்ந்து கருத்திருந்தது, ஆனால் ஒரு முடிச்சும் விடவில்லை.

நர்ஸ் அவரைக் கட்டிலுக்கு அழைத்துப் போனார். ஒரு வாரம் நான் அவரைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் நாலரைக்கு வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கூடையை மேஜைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கைப்பிடி அந்துருச்சு டீச்சர். ஊதா இருக்கா?"

ஊதா இல்லை. பச்சைதான் மிச்சம் இருந்தது. பச்சையிலேயே போட்டோம்.